பூட்டி வைத்த இடத்தைப் பள்ளிக்கூடம் ஆக்கிய டாக்டர்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் போகிறவர்கள் எல்லோருக்கும் "நிம்ஹான்ஸ்" ஆஸ்பத்திரியைத் தெரியும். வெளிமாநிலங்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே வருகிறார்கள். மனம் தடுமாறிய மகனையோ, மகளையோ கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரி இவ்வளவு பெரிதாக வளர அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், டாக்டர் எம்.வி.கோவிந்தசாமி.

அவர் 1904-ம் ஆண்டு பிறந்தார். அப்போது பெங்களூரில் இருந்தது, 19-ம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட பைத்தியக்கார விடுதி. நோயாளிகளைப் பூட்டி வைப்பதே அத்தகைய விடுதிகளின் முதல் வேலை.

1925-ல் மைசூர் அரசு அதன் பெயரை "மனநோய் ஆஸ்பத்திரி" என்று மாற்றியது. டாக்டர் பிராங்க் நொரோனா தலைமை வகித்த காலத்தில், 1930-களில் புதிய கட்டிடங்கள் எழுந்தன. அவருக்குப் பிறகு பொறுப்பு கோவிந்தசாமியிடம் வந்தது.

பெயர் மாறிவிட்டது. கட்டிடமும் மாறிவிட்டது. ஆனால் சிகிச்சை?

ஊசியும் கத்தியும்

கடுமையான மனநோயைத் தணிக்கும் இன்றைய மாத்திரைகள் அன்று கிடையாது. மேல்நாட்டில் வந்த புதிய முறைகளைக் கோவிந்தசாமி பெங்களூரில் செய்து பார்த்தார். "கார்டியசால்" ஊசி போட்டு வலிப்பு வரவழைக்கும் சிகிச்சை பற்றி 1939-ல் லண்டன் "லான்செட்" இதழில் எழுதினார். மூளையில் செய்யும் "லூக்கோடமி" ஆபரேஷன் பற்றி 1944-ல் எழுதினார்.

இரண்டு முறைகளையும் உலகம் பின்னால் கைவிட்டுவிட்டது. அவற்றால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்கும் கொஞ்சம் அல்ல.

ஆனால் அவர் நடத்திய பள்ளிக்கூடம் நிலைத்தது.

40 ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை

இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை. இந்தியாவில் சுமார் 40 ஆயிரம் பேருக்கு ஒன்று. 1946-ல் சர் ஜோசப் போர் கமிட்டி சொன்ன கணக்கு இது. படுக்கையை விடப் பெரிய பஞ்சம், பயிற்சி பெற்ற ஆட்களுக்கு!

1954 டிசம்பர் 27-ந் தேதி, பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குனர் கோவிந்தசாமி.

மறு ஆண்டே பாடங்கள் தொடங்கின. டாக்டர்களுக்கு ஒரு டிப்ளமோ. மனோதத்துவம் படித்தவர்களுக்கு இன்னொரு டிப்ளமோ. மருந்து கொடுப்பவர் ஒருவர்; உட்கார்ந்து பேசி, நோயாளியின் மனதை அறிய முயல்பவர் மற்றொருவர். இருவருக்கும் ஒரே இடத்தில் பயிற்சி. மனதுக்கு உதவுவதும் முறையாகக் கற்க வேண்டிய தொழில்தான் என்பதை இந்த ஏற்பாடு நாட்டுக்குக் காட்டியது.

1959-ல் ஆயுர்வேத ஆராய்ச்சிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அவருக்குப் பின்

1961-ல் கோவிந்தசாமி காலமானார். பின்னர் இயக்குனரான டாக்டர் என்.சி.சூர்யா, 1964-ல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் நம் நோயாளிகளின் மனப்போக்கை ஆராய்ந்தார். நம்மவர்கள் தங்கள் மனதைத் துருவி ஆராய்வதை அதிகம் நாடுவதில்லை. கூட்டுக்குடும்பத்துப் பெரியவரைப் போல, கஷ்டத்தில் துணை நிற்பவரையே டாக்டரிடம் எதிர்பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்க இடம் தந்தது, கோவிந்தசாமி வளர்த்த நிலையம்.

1974-ல், அதே டிசம்பர் 27-ந் தேதி, மனநோய் ஆஸ்பத்திரியும் மனநல நிலையமும் இணைந்து "நிம்ஹான்ஸ்" ஆயிற்று. அந்த வளாகத்தில் இன்று கோவிந்தசாமி பெயரில் ஒரு மையம் இருக்கிறது.

ஒரு காலத்தில் பூட்டி வைக்க மட்டுமே ஆள் இருந்த ஊர் இது. இன்று நோயாளியின் குறையைக் கேட்கப் படித்தவர்கள், இங்கிருந்து நாடெங்கும் போகிறார்கள்.