குதிரைத்திறன் தந்த ஜேம்ஸ் வாட்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போனால், எத்தனை எச்.பி. என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். குதிரையே இல்லாத தோட்டத்துக்குக் குதிரைக் கணக்கு வந்தது எப்படி? அதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் வாட்.

அவர் 1736ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். உடல்நலம் குன்றிய பிள்ளையாதலால் முதலில் தாயாரிடமே பயின்றார். பின்பு இலண்டனில் ஓராண்டு கருவி செய்யும் தொழில் கற்றார். ஏழாண்டுப் பயிற்சி முடிக்காதவர் என்று கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் சங்கம் அவருக்குக் கடை வைக்க இடந்தரவில்லை. பல்கலைக்கழகமே ஓர் அறை தந்து ஆதரித்தது.

கெண்டியின் மூடி ஆடியதைக் கண்டு நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று நாம் சிறுவயதில் கேட்ட கதை சரியன்று. நியூகோமனின் எந்திரம் 1712லேயே வந்துவிட்டது. அதன் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கையில், உருளை மாறி மாறிக் குளிர்ந்து சூடாவதால் நீராவி வீணாவதை வாட் கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் அமைக்கும் வழி 1765இல் அவருக்குத் தோன்றியது. ஆயினும் கடன் விடவில்லை. 1773இல் மனைவியும் இறந்தார். 1775இல் மாத்யூ போல்டன் கூட்டாளியான பிறகே நல்ல காலம் பிறந்தது.

1780களில் சக்கரம் சுழற்றும் எந்திரத்தை விற்கத் தொடங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. அது எத்தனை குதிரைக்கு ஈடு என்று தெரியாமல் ஆலைக்காரரிடம் எவ்வளவு பணம் கேட்பது? நம் ஊர்ச் செக்குமாடு போல ஆலைக் குதிரையும் வட்டமாகவே சுற்றும். வட்டத்தின் ஆரம் 12 அடி, இழுவிசை 180 பவுண்டு என்று வாட் கொண்டார். இவ்விரண்டின் பெருக்கமே நம் பாடநூல் கூறும் திருப்புத்திறன். குதிரை நிமிடத்துக்கு 2.4 சுற்று வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 75.4 அடி. இழுவிசை, தூரம், சுற்று மூன்றையும் பெருக்கினால் 32,572. அதை 33,000 அடி-பவுண்டு என்று முழுமையாக்கினார். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு உழைக்காது. விற்பவரே தமக்குப் பாதகமாக அளவுகோலைப் பெரிதாக வைத்தது நமக்கு வியப்பளிக்கிறது!

வாட் 1819 ஆகஸ்டு 25ஆம் நாள் காலமானார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1821இல், பிரான்சு நாட்டுப் புரோனி என்பவர் சுழலும் தண்டையே பிரேக்கால் பற்றி, அது திருப்ப முயலும் விசையை எடைகளால் நிறுத்தறியும் கருவியைச் செய்தார். 1882இல் திறனின் அலகுக்கு வாட் பெயரையே சூட்டினர். ஒரு குதிரைத்திறன் 746 வாட். லோயர் கேம்ப் மின்நிலையத்தில், முல்லைப் பெரியாற்று நீரால் சுழலும்படி தொடக்கத்தில் நிறுவிய நான்கு எந்திரங்களில் ஒவ்வொன்றும் 35 மெகாவாட். வாட்டின் கணக்கில் ஒரே எந்திரம் ஏறத்தாழ 47,000 குதிரைகளுக்கு ஈடு.