வீடுகளை மருத்துவமனையாக்கிய புனித யோசேவாஸ் அடிகளார்

ஒரு பங்கு யூபிலி கொண்டாடுகிறது என்றால் முதலில் கண்ணில் படுவது கோவில் வேலைதான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் பூசப்படுகிறது. உடைந்த ஓடு மாற்றப்படுகிறது. தரைக்குக் கல் பதிக்கப்படுகிறது, கோபுரம் புது வண்ணம் பெறுகிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆண்டவரின் இல்லம் பாழாய்க் கிடக்க, மக்கள் மட்டும் நல்ல வீடு கட்டிக் குடியிருந்ததை ஆகாய் இறைவாக்கினர் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். ஆனால், சாரம் பிரித்து, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து அனுப்பிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். இத்தனை பேர் வியர்வை சிந்திப் புதுப்பித்த இக்கட்டடம் யாருக்காக? ஞாயிறு காலையில் திறந்து, மற்ற நாட்களில் பூட்டி வைப்பதற்கா? சுற்றியுள்ள ஊர் மக்களின் துன்பத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டா?

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர் ஒரு குருவானவர். அவர் கோவில்களைச் செப்பனிட்டார். கோவில் இல்லாத இடத்தில் வீடுகளைக் கோவிலாக்கினார். ஊரைக் கொள்ளைநோய் தாக்கியபோது வீடுகளை மருத்துவமனையாக்கினார். இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளாரே அவர். நம் பாரத மண்ணில் பிறந்து, தமிழ் கற்று, தமிழ் மக்களிடையே உழைத்த அவருடைய வரலாற்றை இந்த யூபிலி வேளையில் நினைவுகூர்வது மிகப் பொருத்தமானது.

கோவாவில் உள்ள பெனோலிம் என்னும் சிற்றூரில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் யோசேவாஸ் பிறந்தார். அவருடைய பெற்றோர் சான்கோலே ஊரைச் சேர்ந்த பக்தியுள்ள கொங்கணிக் கிறிஸ்தவர்கள். சிறு வயதில் ஊர்ப் பள்ளியில் பயின்ற அவர், பின்னர் கோவா நகரில் இயேசு சபையாரிடமும் தோமினிக் சபையாரிடமும் உயர்கல்வி கற்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் கோவாவில் குருவானவர் என்றால் சமுதாயத்தில் பெரும் மதிப்பு உண்டு. இளங்குரு யோசேவாஸோ காலில் செருப்பின்றி ஏழைகளைப் போல நடந்தார். மறுஆண்டு, 1677 ஆகஸ்டு 5-ஆம் நாள், தம்மைத் தேவ அன்னையின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். அன்று முதல் தம் உடல், தம் பேர், தம் வசதி எதையும் தமக்குச் சொந்தமாக அவர் எண்ணவில்லை.

1681-இல் மேலிடத்தார் அவரைக் கன்னடக் கரையோரத்துக்கு மேய்ப்பராக அனுப்பினார்கள். மங்களூர், பசரூர், குந்தாபூர், கங்கொல்லி முதலிய ஊர்களில் அன்று கத்தோலிக்கர் சிதறிக் கிடந்தார்கள். குருக்கள் போதாமையால் கோவில்கள் பாழடைந்து கிடந்தன. இந்தப் பங்குகள் யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று திருச்சபைத் தலைவர்களுக்குள்ளேயே தகராறும் இருந்தது. அடிகளார் அத்தகராறில் மூழ்கிப் போகாமல் மக்களின் தேவையைக் கவனித்தார். கோவில்களை எழுப்பினார், பழுதடைந்தவற்றைச் சீர்ப்படுத்தினார். அத்துடன் நிற்காமல், பிள்ளைகளுக்குச் சிறு பள்ளிகளையும் தொடங்கினார். கோவிலும் பள்ளியும் அருகருகே நிற்க வேண்டும் என்பது அவருடைய மேய்ப்புப் பணியின் முதல் பாடம் என்றால் மிகையாகாது.

1684-இல் கோவாவுக்குத் திரும்பிய அவர், அங்கே ஒன்றாகக் கூடி வாழ்ந்த சில குருக்களுடன் சேர்ந்தார். 1685-இல் அவர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தார்கள். புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய அந்தச் சபையில் இந்தியக் குருக்களே உறுப்பினர்கள். கடல் கடந்து மறைபரப்பும் பணியை நம் நாட்டவரே முன்நின்று நடத்த முடியும் என்று காட்டியது அச்சபை.

அடிகளாரின் உள்ளமோ நெடுநாளாக இலங்கையின் மேல் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட போர்த்துகீசியரை டச்சுக்காரர்கள் தோற்கடித்து, 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் கால்வின் கொள்கையினர். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். கோவில்கள் பறிக்கப்பட்டு அவர்களுடைய மார்க்கத்துக்குரிய ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்குத் தங்க இடம் கொடுத்தவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கட்டடங்கள் அப்படியே நின்றன, ஆனால் அவற்றைக் கட்டிய மக்கள் உள்ளே நுழைய முடியவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் இல்லை, திருப்பலி இல்லை, நோயில்பூசுதல் இல்லை.

1686-இல் அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாளர். நம் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து 1687-இல் கப்பல் ஏறினார்கள். குருவின் உடையில் போனால் கரையிலேயே பிடித்துவிடுவார்கள் என்பதால், கூலியாள் போல அழுக்குத் துணி உடுத்திக்கொண்டார் அடிகளார். கடலில் பட்ட பாட்டாலும் பட்டினியாலும் யாழ்ப்பாணக் கரை சேர்ந்ததும் வயிற்றுக் கடுப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அந்நிய ஊரில் கவனிப்பாரற்றுக் கிடந்த நோயாளியின் துயரம் எத்தகையது என்பதை அவர் அன்று தம் உடலிலேயே கற்றுக்கொண்டார்.

நோய் தணிந்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது. யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்று எப்படி அறிவது? வாய் திறந்து கேட்டால் ஆபத்து. அடிகளார் ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறுபவர்களை அவர் கவனித்துக்கொண்டார். இவ்வாறு மெல்ல மெல்ல நம்பிக்கைக்குரிய சிலரைக் கண்டு, தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். விசுவாசத்தில் உறுதியாய் நின்ற சில்லாலை ஊரார் அவருக்கு அடைக்கலம் தந்தார்கள். இரவிலே ஒரு வீட்டில் திருப்பலி, விடியுமுன் அடுத்த ஊருக்கு நடை என்று நாட்கள் கழிந்தன. தமிழிலே செபங்களைக் கற்பித்தார். மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட குடிசைகளே அன்று அவருக்குப் பேராலயங்கள்.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சு அதிகாரிகள் யாழ்ப்பாணத்தில் திடீரெனச் சோதனையிட்டு, திருப்பலிக்குக் காத்திருந்த மக்களைக் கைது செய்தார்கள். கசையடியும் சிறையும் பலருக்குக் கிடைத்தன. அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. வீட்டைக் கோவிலாகத் திறந்துவிட்ட மக்கள் அதற்குக் கொடுத்த விலை இது. இன்று கோவில் வரிக்கு நாம் கொடுக்கும் பணத்தை இந்த விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு நல்லது.

பின்னர் அடிகளார் புத்தளம் சென்று அங்கே பணியாற்றினார். 1692-இல் மலைநாட்டின் தலைநகரான கண்டிக்குப் போனார். கண்டியை அப்போது ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர். அவர் பௌத்தர். அடிகளார் நகரை அடையுமுன்பே, இவர் போர்த்துகீசியரின் ஒற்றர் என்ற பொய்ச்செய்தி அரண்மனைக்கு எட்டிவிட்டது. அதனால் போனவுடன் காவலில் வைக்கப்பட்டார். முதலில் காவல் கடுமையாக இருந்தது. வந்தவர் செபிப்பதும் படிப்பதும் தவிர வேறொன்றும் செய்யாதவர் என்று கண்டபின் அது தளர்ந்தது. காவலில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவலிடத்திலேயே ஒரு சிறு குடிசை போட்டுப் பீடம் அமைத்தார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராய் அங்கே வரத் தொடங்கினார்கள். குடிசை சிறிது சிறிதாக வளர்ந்து கோவிலாயிற்று. சிறைச்சாலைக்குள் தோன்றிய கோவில் அது!

பின்னர் ஒருமுறை கண்டியில் மழை பொய்த்து வறட்சி வாட்டியது. மன்னர் கேட்டுக்கொண்டபடி அடிகளார் வெளியிலே பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி மன்றாடினார் என்றும், மழை கொட்டியது என்றும் வரலாறு கூறுகிறது. அதன்பின் நாடெங்கும் சென்று பணியாற்ற மன்னர் அவருக்கு உரிமை அளித்தார். கிறிஸ்தவ அரசு ஒன்று விரட்டிய குருவுக்குப் பௌத்த மன்னர் ஒருவர் நிழல் தந்தார் என்பதை நாம் நன்றியுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற சமயத்தாரின் நல்லெண்ணத்தில்தான் நம் கோவில்கள் பலவும் இன்றுவரை நிற்கின்றன.

அந்நன்றியை அடிகளார் செயலில் காட்டும் நாள் 1697-இல் வந்தது. கண்டியில் பெரியம்மை பரவியது. மருந்தில்லாத காலம். அம்மை கண்டவரைத் தொட யாரும் துணியவில்லை. மன்னரும் அரண்மனையாரும் நகரை விட்டு நீங்கினார்கள். பெற்ற பிள்ளையைத் தாயும், வயதான தந்தையை மகனும் விட்டுவிட்டு ஓடினார்கள். நோயாளிகள் காட்டிலே கைவிடப்பட்டார்கள். இறந்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லை.

அந்நேரத்தில் நகரை விட்டுப் போகாமல் நின்றவர்கள் யோசேவாஸ் அடிகளாரும், அண்மையில் கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய உறவினரான யோசேப் கர்வால்யோ அடிகளாருமே. மக்கள் விட்டுப்போன வீடுகளை அவர்கள் நோயாளர் இல்லங்களாக மாற்றினார்கள். கைவிடப்பட்டவர்களைக் கொண்டுவந்து அங்கே கிடத்தினார்கள். புண்ணைக் கழுவினார்கள். கஞ்சி கொடுத்தார்கள். இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். இவர் கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் கேட்கவில்லை. நோய் ஓயும் வரை இந்தப் பணி நடந்தது. ஒரு காலத்தில் ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்ட மனிதரைக் கண்டி மக்கள் அதன்பின் தங்கள் சொந்தக்காரராகவே கருதினார்கள். பிரசங்கத்தால் திறக்காத கதவுகளைக் கஞ்சிக் கலயம் திறந்தது.

பின்னர் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதினார். குரு வரமுடியாத ஊர்களில் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கவும் மூப்பர்களும் அண்ணாவிமார்களும் அமர்த்தப்பட்டார்கள். யோசேவாஸ் அடிகளாரை ஆயர் நிலைக்கு உயர்த்தும் எண்ணம் மேலிடத்தில் எழுந்தபோது, அவர் தாழ்மையுடன் அதை விலக்கினார். ஓயாத நடையாலும் தவத்தாலும் உடல் நலிந்து, 1711 சனவரி 16-ஆம் நாள், 59-ஆம் வயதில், கண்டியிலேயே உயிர்நீத்தார். 24 ஆண்டுகள் இலங்கையில் உழைத்த அவர், ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை.

இனி நடந்தது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. அடிகளார் மறைந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப்பின், வேறொரு மன்னர் காலத்தில் கண்டி நாட்டிலும் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் இடிக்கப்பட்டன. அடிகளார் எழுப்பிய கண்டிக் கோவில் இன்று இல்லை. அவரை அடக்கம் செய்த கல்லறை எந்த இடம் என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. ஆனால், அவர் வளர்த்த மக்கள் அழியவில்லை. டச்சுக்காரருடைய தடைச் சட்டங்களை 1806-இல் ஆங்கிலேயர் நீக்கியபோது, ஏறத்தாழ 150 ஆண்டுச் சோதனையைத் தாங்கிய கத்தோலிக்கத் திருச்சபை இலங்கையில் உயிரோடு இருந்தது. 1995 சனவரி 21-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கொழும்பில் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவருடைய திருவிழா சனவரி 16. நம் பொங்கல் நாட்களை ஒட்டியே அது வருகிறது.

பங்கு மக்களே, கல்லும் சுண்ணாம்பும் காலத்துக்கு இரையாகும். இன்று நாம் புதுப்பிக்கும் சுவரை இன்னும் 50 ஆண்டுகளில் நம் பேரப்பிள்ளைகள் மறுபடி பூச வேண்டியிருக்கும். நம் கோவிலிலிருந்து சுற்றுப்புற மக்கள் பெற்ற அன்புக்கு அந்த அழிவு இல்லை.

கொடைரோடு பலரும் வந்து போகும் ஊர். கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்கள் இங்கே இரயிலை விட்டு இறங்குகிறார்கள். பெருஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. சுற்றிலும் மல்லிகைத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. பூப்பறிக்க விடியுமுன் போகும் தாய்மாரின் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க ஒரு வெளிச்சமான இடம் வேண்டும். முதியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வாரம் ஒரு நாளாவது ஓர் அறை வேண்டும். வெயிலில் வந்தவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் வேண்டும். மண்டபம் கட்டினால் திருமணத்துக்கு வாடகைக்கு விடலாம், பங்குக்கு வருமானம் வரும் என்று சொல்வோர் உண்டு. அதுவும் தவறன்று, விளக்குக்கும் எண்ணெய்க்கும் பணம் வேண்டும் அல்லவா? ஆனால் வாடகை கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே திறக்கும் மண்டபம் கோவிலின் மண்டபம் ஆகாது. வாரத்தில் சில நாட்களாவது அதன் கதவு பணமில்லாதவருக்கும், எந்தச் சமயத்தவருக்கும் திறக்கட்டும். பீடத்துக்குச் செலவிடும் தாராளம் இதிலும் காணப்படட்டும்.

சொந்தமாக ஒரு செங்கல்லும் இல்லாத நாட்டில் குடிசையைக் கோவிலாகவும் வீட்டை மருத்துவமனையாகவும் மாற்றிய யோசேவாஸ் அடிகளார், நமக்கு இருக்கும் இக்கட்டடத்தை நம் ஊருக்குப் பயன்படும் இறைவனின் இல்லமாக்கும் நல்ல மனத்தை நமக்குப் பெற்றுத் தருவாராக.