வள்ளியூரில் அடங்கிய குரல்

நெல்லைச் சந்திப்பிலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, மேலப்பாளையம், நாங்குநேரி வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் வள்ளியூர் நிலையம் உள்ளது. 1989 ஏப்ரலில், குமரி மாவட்டக் கோயில் ஒன்றில் இன்னிசைக் கச்சேரி நிகழ்த்தத் தம் குழுவினருடன் சென்றுகொண்டிருந்த திரைப்பாடகர் ஏ. எம். ராஜா, அந்நிலையத்தில் தண்டவாளத்தில் தவறி விழுந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 59. அக்குரல் அடங்கியது நம் நெல்லைச் சீமையில்தான் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

சித்தூர் மாவட்டத்து இராமச்சந்திராபுரத்தில் 1929இல் பிறந்த ராஜாவின் தாய்மொழி தெலுங்கு. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 1951இல் ஜெமினி நிறுவனத்தின் 'சம்சாரம்' படத்தில் பாடகராக அறிமுகமானார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கிலும் பாடினார். இந்தியிலும் அவர் குரல் ஒலித்தது. பி. சுசீலா அவர்கள் திரையில் முதன்முதலாகப் பாடிய பாட்டு, 'பெற்ற தாய்' படத்தில் இவருடன் இணைந்து பாடியதே.

எனினும் அவரை நினைத்த மாத்திரத்தில் செவியில் எழுவது, 'குலேபகாவலி' (1955) படத்தில் ஜிக்கியுடன் பாடிய 'மயக்கும் மாலை'யே. பார்வையற்ற கண்ணுக்கு ஒளிதரும் மலரைத் தேடிச் செல்லும் அக்கதை, பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, பின் தமிழ் நாடகமேடையையும் அடைந்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. பாட்டின் கருத்தும் நமக்குப் புதியதன்று. பிரிந்தாரை வருத்தும் பொழுதாகவே மாலையை முல்லைத்திணை காட்டும். பொழுதுகண்டு இரங்குதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இப்பாட்டிலோ கூடியிருப்போரே மாலையைப் போகச் சொல்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது இரவு. வருத்தம் சிறிதும் இல்லை, அவசரமும் இல்லை. ராஜா குரலை உயர்த்தி முந்துவதில்லை. ஜிக்கியின் குரல் மலர்வதற்கு இடம்விட்டே பாடுகிறார். மென்மையைக் குறையென்று சொன்னவர்களும் உண்டு. என்னால் அதனை ஏற்க இயலவில்லை.

பி. ஜி. கிருஷ்ணவேணி என்னும் இயற்பெயருடைய ஜிக்கியே பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

ராஜா இசையமைப்பாளராகவும் சிறந்தார். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) படத்தில், பட்டுக்கோட்டையாரின் சொல்லுக்கு அவர் அமைத்த மெட்டுகள் இன்றும் பழகிய மெட்டுகளே. ஆனால் அக்கூட்டு 'தேன் நிலவு' (1961) படத்தோடு முடிந்தது. குரலில் இருந்த நெகிழ்ச்சி தொழிற்களத்தில் அவரிடம் இல்லை என்பர். தாம் விரும்பியவாறு அமையாததை ஒப்பமாட்டார். அதற்குரிய விலையைக் கொடுத்தார். ஜெமினி கணேசனுக்குரிய குரல் என்னும் இடம் பி. பி. ஸ்ரீநிவாஸ் அவர்களுக்குச் சென்றது, படங்கள் குறைந்தன. 1970களில் ஒருசில பாடல்களோடு மீண்டும் வந்தாலும், இறுதிவரை அவருக்குக் கைகொடுத்தவை மேடைக் கச்சேரிகளே. அத்தகைய ஒரு மேடையை நோக்கிய பயணமே வள்ளியூரில் முடிந்தது.

ஜிக்கி அதன் பின்னரும் பாடினார். 2004இல் அவரும் மறைந்தார்.