கருமத்தம்பட்டியில் ஆயர் ஆனவர், ஆப்பிரிக்காவில் 42 நாளில் மறைந்தவர்: யார் இந்த பிரெசிலாக்?

கோவையில் இருந்து அவிநாசி ரோட்டில் சுமார் 25 கி.மீ. போனால் கருமத்தம்பட்டி. அக்டோபர் வந்தால் ஜெபமாலை அன்னை தேர்த்திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளும் ஊர். 1846 அக்டோபர் 4, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்று இதே ஊரில் 32 வயது பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்.

அவர் கையில் கிடைத்தது செழிப்பான திருச்சபை இல்லை. போரிலும் பஞ்சத்திலும் பாதிரியார் பற்றாக்குறையிலும் நொந்துபோயிருந்த ஒன்று. அதைத் தூக்கி நிறுத்த அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அது என்ன ஆனது? கோவையை விட்டு அவர் ஏன் போனார்? பார்க்கலாம்.

கொங்கு நாட்டில் அப்போ என்ன நிலைமை?

கொங்குப் பகுதிக்குக் கத்தோலிக்க மதம் வந்தது 17ஆம் நூற்றாண்டில். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழ், சம்ஸ்கிருதம் படித்துப் பிரசாரம் செய்தவர். அவருடைய வழியில் வந்த இயேசு சபையினர்தான் கருமத்தம்பட்டி போன்ற இடங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்த்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அடிமேல் அடி. 1773ல் போப் 14ஆம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். இருந்த பாதிரியார்கள் வயதாகி இறக்க, அவர்கள் இடத்துக்கு வர ஆள் இல்லை. இன்னொரு பக்கம் மைசூர்ப் போர்கள். கொங்கு நாடு ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளுக்கும் ஆங்கிலேயப் படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பல ஊர்களில் கிறிஸ்தவர்கள் சிதறிப்போனார்கள். பூசை வைக்க ஒரு பாதிரியார் வருவதே அபூர்வம் என்ற நிலை.

இந்தத் தென்னிந்தியத் திருச்சபையை நேரில் பார்த்த ஒருவர், இனி இது தேறாது என்றே எழுதிவிட்டார். அவர்தான் அபே துபுவா. மைசூர்ப் பகுதியில் பல ஆண்டு வேலை செய்தவர், இந்துக்களின் பழக்க வழக்கங்கள் பற்றிய புத்தகத்துக்காக இன்றும் பேசப்படுபவர். இந்தியாவில் மதமாற்றத்துக்கு இனி வாய்ப்பு இல்லை என்ற முடிவோடு 1823ல் பிரான்ஸ் திரும்பிவிட்டார்.

யார் இந்த பிரெசிலாக்?

1813 டிசம்பர் 2ல் தெற்கு பிரான்ஸின் காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் பிறந்தவர். பெரிய குடும்பம்தான், ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வசதி குறைந்துபோனது. ஆரம்பப் பாடமெல்லாம் வீட்டில் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். 1838 டிசம்பரில் குருப்பட்டம் வாங்கினார். சொந்த ஊரிலேயே உதவிப் பங்குத் தந்தையாக வேலை.

ஆனால் மனசு கடல் தாண்டிப் போக வேண்டும் என்றது. மகன் அவ்வளவு தூரம் போவதில் அப்பாவுக்கு விருப்பமே இல்லை. ஆயரும் எடுத்தவுடன் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1841ல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையில் சேர்ந்தார். 1842 ஜூலை 24ல் புதுச்சேரியில் வந்து இறங்கினார்.

தமிழ் படித்தார். அடுத்த ஆண்டு சேலத்துக்கு அனுப்பப்பட்டார். கொங்கு மண்ணோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் அதுதான். பிறகு புதுச்சேரிக்குத் திரும்பி அங்கே குருமடத்தின் பொறுப்பை ஏற்றார். 1845ல் புதுச்சேரி மிஷனில் இருந்து மைசூரும் கோவையும் தனியாகப் பிரிக்கப்பட்டன. கோவைப் பகுதிக்கு பிரெசிலாக் பொறுப்பாளர். நீலகிரி மலையும் பாலக்காடு பக்கமும் அவர் சுற்ற வேண்டிய எல்லைக்குள் வந்தன. ரயில் எல்லாம் கிடையாது. குதிரை, மாட்டு வண்டி, நடை, இவ்வளவுதான்.

அவருடைய திட்டம் என்ன?

ஒரே வரியில் சொன்னால், உள்ளூர்ப் பிள்ளைகளைப் பாதிரியார்களாக்குவது.

கேட்க சாதாரணமாக இருக்கும். அன்றைக்கு அது சாதாரணம் இல்லை. ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வரும் பாதிரியார்தான் எல்லாமே. அவர் காய்ச்சலில் இறந்தால் அந்தப் பகுதிக்கு அடுத்த ஆள் வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை ஜனங்கள் அப்படியே நிற்க வேண்டியதுதான். இயேசு சபை கலைந்தபோது கொங்கு நாட்டில் நடந்தது இதுதானே?

1844ல் புதுச்சேரியில் ஆயர் பொன்னாந்த் கூட்டிய சபைக் கூட்டம் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதைப் பற்றித் தீவிரமாகப் பேசியது. 1845ல் போப் 16ஆம் கிரகோரி, உள்ளூர்க் குருக்களை வளர்க்க வேண்டும், அவர்களை ஐரோப்பியர்களுக்கு உதவியாளர்களாக மட்டும் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவே போட்டார். பிரெசிலாக் இதைப் பேப்பரில் விட்டுவிடாமல் செய்துகாட்ட நினைத்தார்.

அவருடைய கணக்கு எளிமையானது. முதலில் பாதிரியார் ஜெபத்தில் ஊன்றியவராக இருக்கணும். அடுத்து, சில பையன்களைக் கூடவே வைத்து, படிப்போடு ஜெப வாழ்க்கையையும் பழக்கணும். அவர்கள் ஊருக்குத் திரும்பி மற்றவர்களை வளர்ப்பார்கள். வெளியில் இருந்து வந்தவர் கடைசியில் விலகிக்கொள்ள வேண்டும். இதற்காகத் தன் எல்லையிலும் குருமட வேலையைத் தொடங்கினார்.

பெண்கள் பக்கமும் ஒரு தொடக்கம் நடந்தது. 1853ல் அவர் ஆயராக இருந்தபோதுதான், ரவேல் என்ற பாதிரியார் கோவையில் காணிக்கை மாதா பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையை ஆரம்பித்தார். கோவையிலேயே பிறந்த சபை, இன்றும் இருக்கிறது.

அப்புறம் எங்கே சிக்கல்?

இரண்டு இடத்தில்.

முதலாவது, கூட வேலை செய்த ஐரோப்பியர்கள். இந்தியர்கள் தங்களுக்குச் சமமான பதவிக்கு வருவதை மிஷனரிகளில் பலர் ரசிக்கவில்லை. இவர்களால் முடியாது, இன்னும் காலம் ஆகலை என்ற பேச்சே அதிகம். குருமடத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்குவது மெதுவாகவே நடந்தது.

இரண்டாவது, இதைவிடப் பெரியது: மலபார் சடங்குகள் பிரச்னை. குடுமி, பொட்டு, பூணூல், சாதி வழக்கங்களை எல்லாம் மதம் மாறியவர்கள் வைத்துக்கொள்ளலாமா? நொபிலி காலத்து நடைமுறைக்கு 1623ல் ரோம் ஓரளவு அனுமதி தந்தது. 1744ல் போப் 14ஆம் பெனடிக்ட் கடும் கட்டுப்பாடு போட்டார். இங்கே வரும் ஒவ்வொரு மிஷனரியும் அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.

சத்தியம் செய்துவிட்டு ஊருக்குள் போனால் நிலைமை வேற. கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு இடம். ஒரு மிஷனரி விட்டுக்கொடுப்பார், இன்னொருவர் மறுப்பார். எது பாவம், எது வெறும் ஊர் வழக்கம் என்பதில் இரண்டு பேருக்கு ஒரே கருத்து கிடையாது.

பிரெசிலாக் இந்திய வழக்கங்களை வெறுத்தவர் இல்லை. ஐரோப்பியப் பழக்கத்தை இங்கே திணிப்பது தப்பு என்று நினைத்தவர்தான். ஆனால் சத்தியம் ஒன்று, நடைமுறை இன்னொன்று என்று வாழ அவரால் முடியவில்லை. தெளிவான பதில் வேண்டும் என்று ரோமுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். மனசை ஆற்றும் பதில் வரவில்லை.

இதில் இன்றைய வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விவாதம் முழுக்க ரோமுக்கும் மிஷனரிகளுக்கும் நடுவில்தான் ஓடியது. சாதியால் ஒதுக்கி வைக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. திருச்சபைக்குள் சாதி பார்க்கப்படுகிறது என்ற தலித் கிறிஸ்தவர்களின் குரல் இன்றும் ஓயவில்லை.

ராஜினாமா, பிறகு ஆப்பிரிக்கா

1854ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1855ல் அவருடைய ராஜினாமாவை ரோம் ஏற்றுக்கொண்டது. 12 ஆண்டு உழைப்பு. 41 வயது. பதவி இல்லாத ஆயர்.

பிரான்ஸிலேயே ஓய்வாக இருந்திருக்கலாம். அவர் கேட்டது, ஐரோப்பிய மிஷனரிகள் அதிகம் எட்டிப் பார்க்காத மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை. தனி ஆளாகப் போக வேண்டாம், ஒரு சபையைத் தொடங்குங்கள் என்றது ரோம். 1856 டிசம்பர் 8ல் லியோன் நகரின் ஃபூர்வியேர் குன்றில் உள்ள மாதா கோயிலில், சில தோழர்களோடு ஜெபித்து ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். உள்ளூர்க் குருக்களை வளர்க்கணும் என்ற கோவைத் திட்டம் இந்தச் சபைக்கும் நோக்கமானது.

1859 மே 14ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஜூன் 2ல் முதல் மரணம். ஜூன் 28க்குள் அவரோடு சேர்த்து 5 பேர் போய்விட்டார்கள். பிரெசிலாக் இறந்தது ஜூன் 25ல். வந்து 42 நாள்தான். வயது 45.

தோற்றாரா, ஜெயித்தாரா?

அன்றைய கணக்கில் பார்த்தால் இரண்டு கண்டத்திலும் தோல்வி. ஆனால் லியோனில் மிச்சம் இருந்த அகுஸ்தீன் பிளாங்க் என்ற பாதிரியார் சபையைக் கலைக்கவில்லை. 1861லேயே அடுத்த குழு இன்றைய பெனின் நாட்டில் உள்ள தஹோமிக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே? 1886ல் கோவை முழு மறைமாவட்டம் ஆனது. 1923ல் திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடி ஆயரானார். நவீன காலத்தில் லத்தீன் ரீதியின் முதல் இந்திய ஆயர் அவர்தான். பிரெசிலாக் இறந்து 64 ஆண்டு கழித்து நடந்தது இது. இன்று கோவை மறைமாவட்டத்தில் ஆயரும் பாதிரியார்களும் இந்தியர்கள்தான்.

2020 மே மாதம் போப் பிரான்சிஸ் இவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கான பாதையில் ஒரு படி அது. கப்பலில் பாதிரியார் வந்தால்தான் பூசை என்று காத்திருந்த தமிழ்நாட்டில் இருந்தே, அவர் தொடங்கிய அதே சபையில் சேர்ந்து, பாதிரியார்கள் இப்போது ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள்.