ஜாக் ஜான்சனும் படச்சுருளும்

முகமது அலியின் பெயரைக் கேட்டிராதவர் நம் விடுதியில் ஒருவரும் இரார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பரை எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ஜாக் ஜான்சன். அவர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அவரோடு மோதியவர்களைவிட அவரைப் படம் பிடித்தவர்களும் அவரைப் பற்றி எழுதியவர்களுமே என் நினைவில் நின்றார்கள்.

1878இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் கால்வஸ்டன் துறைமுகத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். ஜான்சனும் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர்தாம். உலகப் பட்டத்தை வெள்ளையர் தம் குடும்பச் சொத்துப்போல் வைத்திருந்த காலம் அது. கறுப்பர் சவால் விட்டால், அவரோடு மோதுவது தகுதிக்குக் குறைவென்று ஒதுங்கிவிடுவார்கள். பட்டத்தை வைத்திருந்த கனடா நாட்டு டாமி பர்ன்ஸை ஜான்சன் கடல் கடந்து துரத்தினார். மெக்கின்டாஷ் என்ற ஏற்பாட்டாளர் பெரும்பணம் காட்டிய பிறகே பர்ன்ஸ் இசைந்தார்.

1908 டிசம்பர் 26ஆம் நாள் சிட்னியில் சண்டை. 14ஆம் சுற்றில் பர்ன்ஸ் தள்ளாடியதும் போலீசார் நடுவே புகுந்தார்கள். சண்டையோடு படக்கருவியையும் நிறுத்தச் செய்தார்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டுமா?

களத்தருகே ஒரு நியூயார்க் பத்திரிகைக்காக அமர்ந்திருந்தவர் நாவலாசிரியர் ஜாக் லண்டன். ஓய்வு பெற்றுப் பண்ணையில் இருந்த பழைய வீரர் ஜெஃப்ரிஸ் எழுந்து வந்து பட்டத்தை மீட்கவேண்டும் என்று அவர் எழுதினார். மற்ற ஏடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. குத்துச்சண்டை அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டவிரோதம். கண்ணியமானவர்கள் முகம் சுளிக்கும் விவகாரம். இனச்சண்டையாக அதை மாற்றி எழுதியதும், முகம் சுளித்தவர்களும் பத்திரிகை வாங்கத் தொடங்கினார்கள்.

கலிஃபோர்னியா ஆளுநர் இடம் மறுக்கவே, 1910 ஜூலை 4ஆம் நாள் நெவாடாவின் ரீனோ நகரில் போட்டி நடந்தது. பரிசுத் தொகை 1,01,000 டாலர். படம் எடுக்கும் உரிமைக்குத் தனிப் பணம். நேரில் கண்டவர் சுமார் 20,000 பேர். நகரங்கள்தோறும் பத்திரிகை அலுவலக வாசல்களில், தந்தியில் வந்த செய்தியைப் பலகையில் படிக்கக் கூடியவர்களோ அதைவிடப் பன்மடங்கு. 15ஆம் சுற்றில் ஜெஃப்ரிஸ் வீழ்ந்தார். அன்றிரவு ஊர் ஊராகக் கறுப்பர் தாக்கப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். (அதே ஆண்டு செப்டம்பரில் நம் காமா பயில்வான் லண்டனில் ஸ்பிஸ்கோவைத் தரையோடு அழுத்தி வைத்திருந்தார். அது தனிக் கட்டுரைக்குரிய கதை.)

இனி வேடிக்கையைப் பாருங்கள். சண்டையை இனப்போராக விற்ற நாடு, அதன் படத்தைக் கண்டு அஞ்சியது. நகரம் நகரமாகத் தடை விழுந்தது. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் தடுத்து மத்திய சட்டமே வந்தது. 1940 வரை அது நீடித்தது.

ஜான்சன் அடங்கிப் போகிறவர் அல்லர். பொன் கட்டிய பற்கள் தெரியப் புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார். விலையுயர்ந்த கார்களில் பறப்பார். வெள்ளைப் பெண்களை மணந்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை என்பது என் எண்ணம். 1913இல் பெண்களை மாநில எல்லை கடத்துவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ், வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அவர் ஐரோப்பாவுக்குத் தப்பினார்.

1915 ஏப்ரல் 5இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் 26ஆம் சுற்றில் பட்டத்தை இழந்தார். வெள்ளை அமெரிக்கா ஆவலோடு பார்க்கக் காத்திருந்த படம் அது! ஆனால் ஜான்சனின் வெற்றியை மறைக்க இட்ட பூட்டு அவர் தோல்வியையும் பூட்டிவிட்டது. 1916இல் சிலர் ஒரு தந்திரம் செய்தனர். கனடா எல்லைக்கு அப்பால் படச்சுருளை ஓட்டி, இப்பால் நின்ற கருவியால் ஒவ்வொரு சட்டமாகப் புதிதாய்ப் படம் பிடித்தனர். நீதிமன்றம் அதற்கும் இடம் தரவில்லை.

ஜான்சன் 1920இல் திரும்பி வந்து சிறைத்தண்டனையை அனுபவித்தார். அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2018இல்! அவருக்குப் பின் ஜோ லூயி 1937இல் வெல்லும்வரை ஹெவிவெயிட் பட்டம் எந்தக் கறுப்பரிடமும் போகவில்லை. லூயியை வளர்த்தவர்கள், வெள்ளைப் பெண்ணோடு படமெடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிரியைப் பார்த்து மகிழக் கூடாது என்று அவருக்கு விதி வகுத்தார்கள். ஜான்சனின் புகைப்படங்கள் அவர்கள் கண்முன் இருந்தன.

1946 ஜூன் 10இல் வட கரோலினாவில் கார் விபத்தில் ஜான்சன் மாண்டார். ஒன்பது நாள் கழித்து, லூயி தம் பட்டத்தைக் காக்க நியூயார்க்கில் களமிறங்கினார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் ஹெவிவெயிட் உலகப் பட்டப் போட்டி அதுதான்.