கேன்சர் நோயாளிக்கு கிருமியை ஊசியா போட்ட டாக்டர்... யார் இந்த வில்லியம் கோலி?

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு தடுப்பூசி வருது என்ற செய்தியை நீங்களும் பார்த்திருப்பீங்க. நோய் வராம தடுக்கத்தானே தடுப்பூசி, வந்த பிறகு போட்டு என்ன பயன் என்ற சந்தேகமும் வந்திருக்கும். இந்தக் கேள்விக்கு 130 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் ஊசியும் கையுமாக பதில் தேடினார். பலரைக் காப்பாற்றினார், கேலியும் வாங்கினார். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே இறந்துபோனார். அவர்தான் வில்லியம் கோலி.

17 வயதுப் பெண்ணின் மரணம்

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர் வில்லியம் பிராட்லி கோலி. யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம், ஹார்வர்டில் மருத்துவப் படிப்பு, 1888-ல் டாக்டர். நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நிபுணராக வேலை.

1890-ல் எலிசபெத் டேஷியல் என்ற 17 வயதுப் பெண், கை வலி என்று அவரிடம் வந்தார். ரயில் பயணத்தில் கை நசுங்கியதில் தொடங்கிய வலி. சாதாரண காயம்போல் தெரிந்தது. பரிசோதித்தால் சார்கோமா, அதாவது எலும்பு, தசை போன்ற பகுதிகளில் வரும் புற்றுநோய். கோலி அவரது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார். ஆனாலும் நோய் உடல் முழுக்கப் பரவி, 1891 ஜனவரியில் அந்தப் பெண் இறந்துபோனார்.

29 வயது டாக்டரை இந்த மரணம் உலுக்கியது. கத்தியால் முடியாததை வேறு எதுவாவது செய்யுமா என்று மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

பதிவேட்டில் கிடைத்த ஆச்சரியம்

அதில் ஒரு ஜெர்மன் தொழிலாளியின் கதை இருந்தது. கழுத்தில் சார்கோமா. பலமுறை வெட்டி எடுத்தும் திரும்பத் திரும்ப வளர்ந்தது. கைவிடப்பட்ட நிலையில் அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் தோல் சிவந்து, கடும் காய்ச்சல் அடிக்கும் நோய் அது. ஆன்டிபயாடிக் இல்லாத அந்தக் காலத்தில் உயிரையே எடுக்கும். ஆனால் இவருக்கு நடந்தது வேறு. காய்ச்சல் ஏற ஏற கட்டி கரைந்தது. மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

கோலி இதைப் படித்ததோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் ஏழைகள் வசித்த குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்த நபரைக் கண்டுபிடித்தார். 7 வருஷம் ஆகியும் அவர் நலமாக இருந்தார்.

ரிஸ்க் எடுத்த கோலி

1891-ல், கழுத்தில் பெரிய கட்டியோடு சாப்பிடவே முடியாமல் இருந்த ஓர் இத்தாலியத் தொழிலாளிக்கு உயிருள்ள பாக்டீரியாவை கோலி ஊசியாகப் போட்டார். பல மாத முயற்சிக்குப் பிறகு கடும் காய்ச்சல் வந்தது. கட்டி சுருங்கியது. அவர் மேலும் 8 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

ஆனால் உயிருள்ள கிருமி கத்தி மேல் நடக்கும் விஷயம். சிலருக்கு தொற்றே வராது. வந்தாலோ கட்டுப்படுத்த முடியாது. இரண்டு நோயாளிகள் அந்தத் தொற்றாலேயே இறந்தார்கள்.

அதனால் கோலி வழியை மாற்றினார். இரண்டு வகை பாக்டீரியாக்களை சூடாக்கிக் கொன்று, அந்தக் கலவையை ஊசியாகப் போட்டார். 'கோலி டாக்ஸின்' என்று இதற்குப் பெயர். 1893 ஜனவரியில், வயிற்றில் பெரிய கட்டியோடு படுத்த படுக்கையாக இருந்த 16 வயது இளைஞருக்கு இது முதலில் கொடுக்கப்பட்டது. கட்டி மறைந்தது. அந்த இளைஞர் 26 வருஷம் கழித்து, மாரடைப்பால்தான் இறந்தார்.

அப்போ ஏன் இது பரவலாகவில்லை?

கோலி ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த ஊசி போட்டார். ஒரு மருந்து நிறுவனமும் இதைத் தயாரித்தது. ஆனால் எல்லாருக்கும் பலிக்கவில்லை. கலவை பலமுறை மாறியது, டோஸ் ஆளுக்கு ஆள் மாறியது. சிகிச்சைக்குப் பிறகு நோயாளி என்ன ஆனார் என்ற பதிவும் பல நேரம் அரைகுறை. மற்ற டாக்டர்கள் முயன்றபோது அதே பலன் கிடைக்கவில்லை. குணமானவர்களுக்கு வந்தது புற்றுநோய்தானா என்றே சிலர் கேட்டார்கள்.

அதே சமயத்தில் கதிர்வீச்சு சிகிச்சை வந்தது. கோலி வேலை பார்த்த மெமோரியல் மருத்துவமனையிலேயே ஜேம்ஸ் யூயிங் என்ற செல்வாக்குள்ள நிபுணர் கதிர்வீச்சின் பக்கம் நின்றார், கோலியின் ஊசியை எதிர்த்தார். கதிர்வீச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கக்கூடியது, பலனும் உடனே தெரியும். அதற்கு முன்னால் கோலியால் வாதாட முடியவில்லை. 1936-ல் அவர் இறந்தபோது அவரது முறையும் கிட்டத்தட்ட மறக்கப்பட்டது.

மகள் தூசு தட்டிய ஃபைல்கள்

கோலியின் மகள் ஹெலன் டாக்டர் இல்லை. ஆனால் அப்பா விட்டுப்போன கடிதங்களையும் குறிப்புகளையும் எடுத்து, நோயாளிகளின் கதைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தொகுத்தார். 1953-ல் நியூயார்க்கில் 'கேன்சர் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்' தொடங்கப்பட அவரே காரணம். நோய் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கும் ஆய்வுகளுக்கு இன்றும் நிதி தரும் அமைப்பு அது.

நம்ம ஊரில் குழந்தை பிறந்ததும் போடும் பிசிஜி ஊசியும் இந்தக் கதையில் வருகிறது. காசநோய்க்கான அதே பிசிஜியை, ஆரம்பகட்ட சிறுநீர்ப்பை புற்றுநோயில் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1990-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. கிருமியைக் காட்டி எதிர்ப்பு சக்தியை எழுப்பும் அதே ஐடியா!

மெலனோமா ஊசி எப்படி வேலை செய்யுது?

மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். ஊசி போட்டதும் நம் உடலின் டென்ட்ரிட்டிக் செல்கள் அதிலுள்ள புற்றுநோய் அடையாளத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் டி செல்களிடம் அதைக் காட்டும். அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் டி செல்கள் மட்டும் பல மடங்காகப் பெருகி, ரத்தத்தில் கலந்து, கட்டிக்குள் நுழைந்து தாக்கும். சில செல்கள் அந்த அடையாளத்தை நினைவில் வைத்து வருஷக்கணக்கில் காவல் இருக்கும்.

கோலி செய்தது, ஊர் முழுக்க அலாரம் அடித்தது. காவலர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். திருடன் எந்த வீட்டில் என்று யாரும் சொல்லவில்லை. சிலருக்குத் தானாகவே சிக்கினான், பலருக்குத் தப்பினான்.

சரி, விலாசம் மட்டும் சொன்னால் போதுமா? அதுவும் போதாது. முன்பு வந்த தடுப்பூசிகளில் ரத்தத்தில் டி செல்கள் பெருகின, ஆனால் கட்டி அசையவில்லை. அமெரிக்காவில் 440 நோயாளிகளை வைத்து 2004-ல் வெளியான ஓர் அலசலில், கட்டி கணிசமாகச் சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் பெரும்பாலானோர் மெலனோமா நோயாளிகள். காரணங்களில் ஒன்று, கட்டி தன்னைத் தாக்க வரும் டி செல்லுக்கே பிரேக் போட்டுவிடும். அந்த பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2018 மருத்துவ நோபல்.

இப்போது மூன்றும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ஆராய்ந்து, அவருக்கென்றே 34 அடையாளங்கள் வரை கொண்ட எம்ஆர்என்ஏ ஊசி தயாராகிறது. கூடவே பிரேக்கை விடுவிக்கும் மருந்து. அறுவை சிகிச்சை முடிந்த 157 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அந்த மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, இரண்டையும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. 2023-ல் இன்னும் பெரிய ஆய்வு தொடங்கியது.

இதை கவனிங்க

கிருமி வந்தால் கேன்சர் போகும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சிகிச்சையில் இருப்பவருக்கு காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கோலி மூலமே இரண்டு உயிர்கள் அப்படிப் போயின. அவரது ஊசி பலருக்கு ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்க, அவர் இறந்து பல தலைமுறை ஆனது. உடலுக்கு எதிரியை எழுப்பிக் காட்டினால் அது சண்டை போடும் என்று அவர் நம்பியது மட்டும் தப்பாகவில்லை.