ஊர் ஊராய் ஊசி கொண்டுபோன ஹாப்கின்

அலிப்பூரில் பெல்வெடியர் தோட்டத்திலுள்ள தேசிய நூலகத்திலிருந்து புறப்பட்டு, ஆதிகங்கைக் கால்வாயின் பாலத்தைக் கடந்தால் பி.ஜி. மருத்துவமனை வந்துவிடும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1898-ல் ஆராய்ந்து நிறுவிய ரொனால்டு ராஸுக்கு அங்கே ஒரு நினைவு வாயில் உண்டு. ராஸை நாம் பள்ளிப் பாடத்திலேயே அறிவோம். அந்த ராஸ் முன்வந்து வாதாடிக் காப்பாற்றிய ஒருவரைப் பற்றி நம்மில் பலருக்கு அவ்வளவாகத் தெரியாது. பம்பாயிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ப் பலகையில்தான் அவர் பெயரைப் படித்திருப்போம். அவர்தாம் வால்டெமார் ஹாப்கின்.

1860-ல், அன்று ருஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த ஒடெஸ்ஸாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். புகழ்பெற்ற மெச்னிகாவின் மாணவர். ஜார் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். மதம் மாறினால் பல்கலைக் கழகத்தில் பதவி உண்டு என்ற நிலையிலும் மாற மறுத்து நாட்டை விட்டு வெளியேறினார். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்ததோ நூலகர் வேலை! ஓய்வு நேரத்தில் காலராக் கிருமியை வளர்த்து, அதிலிருந்தே தடுப்பு மருந்து கண்டார். 1892 ஜூலையில் அதை முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார்.

மருந்து பயன்படுமா என்பதைக் காலரா குடியிருக்கும் இடத்தில்தானே பார்க்க வேண்டும்? 1893-ல் கல்கத்தா வந்து இறங்கினார். வங்கத்தின் லெப்டினன்ட் கவர்னர் அன்று வாழ்ந்தது நான் மேலே சொன்ன பெல்வெடியர் மாளிகையில். நகரின் ஏழைகள் வாழ்ந்ததோ பஸ்தி என்னும் குடிசைப் பகுதிகளில். ஒரு பஸ்திக்கு ஒரு குளம். குளிப்பதும் துவைப்பதும் அதில்தான், குடிப்பதும் அதில்தான். 1884-லேயே ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டு சொல்லியிருந்தார்.

ஹாப்கினின் சிகிச்சையில் இரண்டு ஊசிகள். இடையில் சில நாட்கள். முதல் ஊசியிலேயே காய்ச்சலும் வலியும் வந்துவிடும். அன்றாடங்காய்ச்சி ஒருவன் கூலியை இழந்து படுத்துக் கிடந்தபின், இரண்டாம் ஊசிக்கு வலிய வருவானா? போதாததற்கு, ஊசியைக் கொண்டுவருபவர் வெள்ளைக்காரர். முறைப்படி வைத்தியம் படித்துத் தேறியவரும் அல்லர், உயிரியல் அறிஞரே. ஆங்கில டாக்டர்கள் பலருக்கே அவரைப் பிடிக்கவில்லை. மக்கள் கல்லெறிந்ததாகவும் சொல்வார்கள்.

ஆனாலும் அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பி வருபவருக்கே ஊசி என்பது அவர் கொள்கை. சௌதுரி, கோஷ், சாட்டர்ஜி, தத்தா என்ற வங்காளி டாக்டர்கள் அவருடன் பஸ்திகளுக்குள் நடந்தார்கள். மக்கள் பார்த்திருக்கத் தாங்களே முதலில் ஊசி குத்திக்கொண்டார்கள். இந்த நால்வர் இல்லையேல் ஹாப்கினும் இல்லை என்பது என் கருத்து. மொழி தெரிந்த ஒருவன் தன் கையை நீட்டிக் காட்டுவதற்கு ஈடான பிரசாரம் ஏது?

1894 மார்ச்சில் காட்டால் பாகான் என்ற பஸ்தியில் காலரா தோன்றியது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பிறகு 10 பேருக்கு நோய் கண்டு 7 பேர் இறந்தனர். அந்தப் பத்துப் பேருமே ஊசி போடாதவர்கள்! 1895-க்குள் வடஇந்தியாவில் 42,000 பேருக்கு மேல் ஊசி போட்டிருந்தார். மலேரியா அவரையே வீழ்த்தவே, சிறிது காலம் ஐரோப்பா சென்று திரும்பினார்.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அரசாங்கம் அழைக்க, ஹாப்கின் சில மாதங்களில் அதற்கும் மருந்து கண்டு, 1897 ஜனவரி 10-ல் தமக்கே குத்திக்கொண்டார்.

கிராமத்தில் அவர் செய்த சோதனைகளுள் நான் வியப்பது 1898-ல் பரோடாவை அடுத்த உந்தேராவில் நடந்தது. குடும்பம் குடும்பமாக ஊராரைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே கூரை, ஒரே சோறு. வேற்றுமை ஊசி ஒன்றுதான். பின்னர் பிளேக் புகுந்த 28 வீடுகளில், ஊசி போட்ட 71 பேரில் இறந்தவர் 3. போடாத 64 பேரில் இறந்தவர் 26. அந்த மறுபாதியில் நின்ற 26 பேரை நினைத்தால் மனம் கசக்கத்தான் செய்கிறது. இக்காலத்தில் இப்படி ஒரு சோதனைக்கு எளிதில் இணங்க மாட்டார்கள். ஆனால் ஐயம் கொண்ட டாக்டர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திராது.

இடி விழுந்தது 1902 அக்டோபர் 30-ல். பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் கிராமத்தில் அன்று 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களில் 19 பேர் வில்வாதம் என்னும் டெட்டனஸ் கண்டு இறந்தனர். 19 பேருக்கும் குத்திய மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுத்தது. பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும் என்றது விசாரணைக் குழு. ஹாப்கின் பதவி இழந்தார். ஆனால் புட்டியைத் திறந்தபோது நாற்றம் ஏதுமில்லை. திறந்த உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதும் சாட்சியத்திலேயே இருந்தன. டெட்டனஸ் மண்ணில் வாழும் கிருமி அல்லவா?

இந்த எளிய நியாயத்தை ஏற்கச் செய்ய ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1907 ஜூலையில் ராஸும் அவரோடு சேர்ந்து வேறு அறிஞர்களும் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கையெழுத்திட்டு எழுதினர். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்து ஹாப்கினுக்குத் துணைநின்ற சிம்ப்ஸனும் அவர்களில் ஒருவர். பழி நீங்கியது. கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் மீண்டும் வேலையும் கிடைத்தது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கலாம், மக்களிடையே மருந்தைச் சோதிக்கக் கூடாது என்றது அரசாங்கம். பஸ்தி பஸ்தியாகத் திரிந்தவருக்கு நான்கு சுவர்களுக்குள் ஏட்டு ஆராய்ச்சி! ஓய்வு பெறும்வரை அப்படியே கழிந்தது. பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ஹாப்கின் 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.